அரிய லிம்போமாவில் ஆயுள் கணிப்பு மாதிரிகள்: எட்டு ஆண்டுப் பழக்கத்தில் கண்டது

புற்றுநோய்த் தரவுகளை வைத்து உயிர்வாழ்வுக் கணிப்பு செய்வது என் அன்றாட வேலை. எட்டு ஆண்டுகளாக அதில் பெரும்பகுதி அரிய லிம்போமாக்களுக்கே, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய்களுக்கே, போகிறது. கணிப்புக்கான கணக்கு முறைகளை, அதாவது மாதிரிகளை, பல பழகிப் பார்த்துவிட்டேன். இன்றும் முதலில் கை போவது புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-இல் தந்த பின்னடைவு மாதிரியிடம்தான். வயது, நோய்க் கட்டம் போன்ற ஒவ்வொரு காரணியும் ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்கிடுவது அது.

தொடக்கத்தில் நன்றாக ஏமாந்தேன். டி-செல் என்ற வெள்ளையணு வகையில் எழும் லிம்போமா, அதன் நோயாளித் தரவுத் தொகுப்பு ஒன்று. எழுபது சொச்சம் நோயாளிகள், இறந்தவர்கள் 28 பேர். இருபது காரணிகளைச் சலித்து ஒன்பதை மாதிரிக்குள் வைத்தேன். சி-இண்டெக்ஸ் 0.82 வந்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்ற வரிசையைச் சரியாகச் சொல்கிறதா என்பதற்கான அளவு அது; 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். மகிழ்ச்சியோடு நோமோகிராமும் (மதிப்பெண்களைக் கூட்டிக் கணிப்பைப் படிக்கும் அளவுகோல் படம்) வரைந்துவிட்டேன். பிறகு சலித்தெடுப்பது உட்பட எல்லாவற்றையும், அதே தரவிலிருந்து திரும்பத் திரும்பக் குலுக்கி எடுக்கும் பூட்ஸ்ட்ராப் முறையில், மீண்டும் மீண்டும் செய்து பார்த்தபோது 0.68-க்கு இறங்கிவிட்டது. அந்த எழுபது பேரையே மாதிரி மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறது!

இந்த வேலையில் கணக்கு, நோயாளிகளின் எண்ணிக்கையில் இல்லை, இறப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு காரணிக்குப் பத்து இறப்பாவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. அதன்படி 28 இறப்புகள் மூன்று காரணிகளைக்கூடத் தாங்காது.

அதனால் இப்போது காரணிகளை நான் சலிப்பதில்லை. முன்னோர் கண்டதிலிருந்து தொடங்குகிறேன். 1993-இல் வந்த ஐபிஐ என்ற லிம்போமா ஆபத்துக் குறியீடு வயது, எல்டிஎச் (இரத்தத்தில் அளக்கும் ஒரு நொதி), உடல்திறன் நிலை, நோய்க் கட்டம், நிணநீர்க் கணுவுக்கு வெளியே பரவல் என ஐந்தைக் கேட்கும். 2004-இல் புறநிலை டி-செல் வகைக்கு வந்த பிஐடி குறியீடு, கடைசி இரண்டையும் விட்டு, எலும்பு மஜ்ஜையில் நோய் உள்ளதா என்பதைச் சேர்த்து நான்கோடு நிறுத்திக்கொண்டது. என்கே/டி-செல் என்ற, பெரும்பாலும் மூக்குப் பகுதியில் தோன்றும் வகைக்கான 2016-ஆம் ஆண்டின் பிங்க் குறியீடு, நோய் மூக்குப் பகுதி சார்ந்ததா என்று பார்க்கிறது. நோய்க்கு ஏற்ற கேள்வி என்றால் இதுதான்.

தரவு போதவில்லையே என்று அமெரிக்காவின் சீர் (SEER) என்ற புற்றுநோய்ப் பதிவேட்டையும் நாடினேன். ஆயிரக்கணக்கில் ஆட்கள் கிடைக்கிறார்கள். ஆனால் உடல்திறன் நிலையோ, எந்தக் கீமோ மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதோ அதில் இல்லை. பெரிய தொகுப்பு என்பதற்காக அந்த ஓட்டையை மறக்க முடியாது. பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் சர்வைவல் ஃபாரஸ்ட் முறையை இரண்டு ஆண்டு பயன்படுத்தினேன். சிறு தொகுப்புகளில் காக்ஸை அது ஒருமுறைகூடத் தெளிவாக மிஞ்சவில்லை, விட்டுவிட்டேன். மாதிரி மனப்பாடம் செய்துவிடாதபடி, ஒவ்வொரு காரணியின் எடையையும் (குணகத்தையும்) சுருக்கும் ரிட்ஜ் முறை மட்டும் நிலைத்தது.

என் கண்ணைத் திறந்தது ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி. “ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 40 சதவீதம் என்கிறீர்கள். இப்படி நீங்கள் சொன்ன பத்துப் பேரில் நான்கு பேர் இருந்தார்களா?” வரிசை சரியாக இருந்தும் சதவீதம் தவறலாம். பழைய சிகிச்சைக் காலத்துத் தரவில் பழகிய மாதிரி, இன்றைய நோயாளிக்குக் குறைவாகவே சொல்லும். எதிரில் இருப்பவர் அந்த எண்ணைத் தன் மிச்ச நாளாகக் கேட்கிறார். அதனால், சொன்ன சதவீதத்தையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிடும் அளவொப்பு வரைபடம் பார்க்காமல் எதையும் நான் கையளிப்பதில்லை. ஒற்றை எண்ணும் தருவதில்லை, வீச்சோடுதான் தருகிறேன்.

அந்த டி-செல் தொகுப்பைச் சென்ற ஆண்டு மீண்டும் எடுத்தேன். பிஐடியின் நான்கு காரணிகள், ரிட்ஜ் சுருக்கம், அவ்வளவுதான். சி-இண்டெக்ஸ் 0.70. வேறொரு மருத்துவமனைத் தரவில் வைத்தபோது 0.69-இல் நின்றது.