வைகாசிக் கல்யாணமும் 1,800 ரூபாய் மல்லி சென்ட்டும்

தங்கை கல்யாணத்துக்காகத் தி.நகரில் ஒரு சென்ட் கடைக்குப் போனேன். கடைப் பையன் அட்டைத் துண்டில் அடித்து நீட்டினான். குண்டுமல்லி, அடியில் லேசாக வனிலா. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. "அசல் மதுரை மல்லியில எடுத்ததுக்கா, பன்னிரண்டு மணி நேரம் நிக்கும்" என்றான். 50 மில்லி 1,800 ரூபாய். ஏசிக் குளிரில் முகர்ந்து, அந்தக் குளிரிலேயே பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

மண்டபத்தில் கத்திரி வெயில், ஹோமப் புகை, வியர்வை. அரை மணி நேரத்தில் மல்லி வாசனை போயே போய்விட்டது. மிஞ்சிய வனிலா திகட்டத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த சித்தி, "யாருடி இங்க கேக் வெச்சிருக்கறது?" என்று தேடினார். தலையில் நாலு முழம் நிஜ மல்லி இருக்கும்போது பாட்டில் மல்லியின் சாயம் இன்னும் சீக்கிரம் வெளுத்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், சந்தன நிறப் பட்டுப்புடவையின் முந்தானையில் பழுப்புக் கறை.

அப்புறம்தான் விசாரித்தேன். மலிவான மல்லி சென்ட்டில் பெரும்பாலும் இருப்பது பென்சைல் அசிடேட் என்ற செயற்கை வாசனைப் பொருள். சூட்டில் சட்டென்று பறந்துவிடும். வனிலாவுக்கான வனிலின் கனமானது, துணியில் தங்கும், நாளாக ஆகப் பழுப்பேறும். அசல் மல்லிச் சாறோ கிலோ லட்சக்கணக்கில் விற்கிறது. செயற்கை வாசனை என்பது குற்றமில்லை, அதை அசல் என்று விற்றதுதான் என் கோபம்.

பாட்டிலோடு கடைக்குப் போனால், "சீல் உடைச்சா எடுக்க மாட்டோம்க்கா." பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை. பில் என்று தந்தது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்தான், ஆனால் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது?

வாங்குவதானால் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நடங்கள், டீ குடியுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து முகருங்கள். மல்லி-வனிலா ஜோடியை மார்கழிக் கச்சேரிக்கோ ஏசி ஹால் ரிசப்ஷனுக்கோ வைத்துக்கொள்ளலாம். பகல் முகூர்த்தத்துக்குப் பூவே போதும். எதுவானாலும் பட்டில் அடிக்காதீர்கள்.

புடவை டிரை கிளீனிங் கடையில் இருக்கிறது. "கறை போகும்னு உத்தரவாதம் தர முடியாதும்மா" என்று சொல்லி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.