ஹை ஸ்ட்ரீட் சொலிசிட்டரா, ஆன்லைன் நிறுவனமா?

லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (நிலம் வேறொருவருடையது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் நமக்கு உரிமை) வாங்கியபோது, எஸ்டேட் ஏஜென்ட் ஒரு பெரிய ஆன்லைன் கன்வேயன்சிங் (சொத்தைக் கைமாற்றும் சட்ட வேலை) நிறுவனத்தைக் கைகாட்டினார். நான் போனது பக்கத்துத் தெருவில் இருந்த சிறிய சொலிசிட்டர் (வக்கீல்) அலுவலகத்துக்கு. இன்று வாங்கினாலும் அங்கேதான் போவேன்.

கட்டணத்தில் ஆன்லைன்தான் மலிவு. ஆனால் லீஸ்ஹோல்டுக்குத் தனி, மார்கேஜுக்குத் தனி, வங்கிப் பணமாற்றத்துக்குத் தனி என்று சேர்த்துக் கூட்டினால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். ஏஜென்டுக்குப் பரிந்துரைப் பணம் போகிறதா என்றும் கேளுங்கள். தகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம்; ஆன்லைன் நிறுவனங்களில் இருக்கக்கூடிய லைசென்ஸ்டு கன்வேயன்சரும் முறைப்படி ஒழுங்குபடுத்தப்பட்டவர்தான், சொத்து வேலையில் தேர்ந்தவர்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: ஃபைல் யார் கையில் இருக்கும்?

லீஸ்ஹோல்டில் சிக்கல்கள் எல்லாம் பேப்பருக்குள் ஒளிந்திருக்கும். லீஸில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், கிரவுண்ட் ரென்ட் (நில உரிமையாளருக்குக் கட்டும் வாடகை) எப்போது ஏறும், சர்வீஸ் சார்ஜில் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) பாக்கி உண்டா, கூரை வேலைக்குப் பெரிய பில் வரப்போகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டும். நான் வாங்கிய காலத்தில், மிச்சம் 80 ஆண்டுக்குக் கீழே போனால் லீஸை நீட்டிக்கும் செலவு எகிறிவிடும். என் சொலிசிட்டர் லீஸை வரிவரியாகப் படித்துவிட்டு நேரில் உட்காரவைத்து விளக்கினார். கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜ்மென்ட் கம்பெனியின் பதில் அரைகுறையாக வந்தபோது, நான் சொல்லாமலே திருப்பிக் கேட்டார். ஆன்லைனில் போன நண்பருக்கோ ஒவ்வொரு முறையும் வேறொருவர் போன் எடுத்தார். நண்பர் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் பணம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை. நம்மவர்களின் டெபாசிட்டில் சீட்டுப் பணமும் இருக்கும், ஊரிலிருந்து அப்பா அனுப்பியதும் இருக்கும். யாரிடம் போனாலும் ஆதாரம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் சீட்டு என்றால் என்னவென்று தெரிந்தவரிடம் எந்தக் காகிதம் போதும் என்று முன்கூட்டியே பேசிவிடலாம்.

சிறிய அலுவலகத்தில் குறையும் உண்டு. சில வங்கிகளின் பேனலில் (வங்கி ஏற்றுக்கொண்ட வக்கீல்களின் பட்டியல்) அவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படியானால் வங்கிக்கென்று தனி வக்கீல் வைத்து அந்தச் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஆளெடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

கடன் இல்லாமல் ஃப்ரீஹோல்ட் (நிலமும் சேர்ந்து சொந்தமாகும்) வீடு வாங்குபவருக்கு ஆன்லைனே போதும் என்று தோன்றுகிறது. நான் அப்படி வாங்கியதில்லை. விற்ற அனுபவமும் எனக்கு இல்லை, அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். வாங்குவது லீஸ்ஹோல்ட் என்றால், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: என் ஃபைலைப் பார்ப்பவர் யார், அவர் லீவில் போனால் யார் பார்ப்பார், அவரிடம் நேரடியாகப் பேச முடியுமா?