யூரோ சிலிண்டர்: சில வருடம் புழங்கிய பின் தெரியும் பலமும் ஓட்டையும்

பிரிட்டனில் யுபிவிசி (பிளாஸ்டிக்) கதவு உள்ள வீடுகளில் பெரும்பாலும் இருப்பது யூரோ சிலிண்டர், அதாவது சாவி நுழைந்து சுழலும், தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பூட்டின் பாகம். சென்னை அடுக்ககங்களின் மார்ட்டிஸ் (கதவுக்குள் பதிக்கும்) பூட்டுகளிலும் இதே வடிவத்தைப் பார்க்கலாம். ‘உயர்பாதுகாப்பு’ முத்திரையோடு வரும் எந்த சிலிண்டரும் மாட்டிய புதிதில் வெண்ணெய் போலத் திரும்பும். அதன் உண்மையான தரம் தெரிய மூன்று நான்கு வருடம் ஆகும்.

முதலில் அது முறியும் இடத்தைப் பாருங்கள். சிலிண்டரின் உடல் 10 மி.மீ. அகலம். நடுவில், கதவோடு பிடித்து வைக்கும் எம்5 திருகாணிக்கான துளை. 5 மி.மீ. துளைக்குப் போனால் இருபுறமும் மிஞ்சுவது தலா 2.5 மி.மீ. பித்தளைதான். துளைக்கு மேலே, சாவியோடு சுழலும் நாக்குக்காக உடலையே வெட்டி எடுத்திருப்பார்கள். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் திருடன் பிடித்து வளைத்தால் விசை முழுவதும் இங்கேதான் வந்து சேரும். உள்ளே எத்தனை ‘பின்’ (சாவியின் வெட்டுகள் தூக்கும் சிறு ஊசி) இருந்தாலும் இந்தப் பித்தளைக்கு அதனால் பலம் கூடாது. சாவியின் நுணுக்கத்தைக் காட்டி விலை ஏற்றும் சில மாடல்கள் இந்த இடத்தில் மலிவுச் சிலிண்டரைவிட எந்த வகையிலும் மேலில்லை.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, வெளிமுனைக்கு அருகே வேண்டுமென்றே ஒரு வெட்டுக்கோடு கொடுப்பது. வளைத்தால் அந்த நுனி மட்டும் போகும், மீதி கதவுக்குள் பூட்டியபடியே நிற்கும். இரண்டாவது, நடுவில் எஃகுப் பட்டை வைப்பது. இரண்டும் சேர்ந்திருக்கும் சிலிண்டரையே வாங்கச் சொல்வேன். துளையிடுவதைத் தடுக்கும் கடின எஃகு ஊசிகளும் முன்பக்கம் இருக்க வேண்டும்.

‘பம்ப்’ (bump) சாவி, அதாவது உள்ளே போட்டுத் தட்டி, பின்களைத் துள்ளவைத்துப் பூட்டைத் திறக்கும் சாவி, புதிய தந்திரம் இல்லை. 1928-லேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பதிவாகியிருக்கிறது. ஸ்பிரிங் தள்ளும் பின்கள் உள்ள பூட்டில்தான் அது வேலை செய்யும். பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் 1907-ல் வடிவமைத்த, இன்று ஆப்லோய் என்ற பெயரில் வரும் வட்டுப் பூட்டில் அப்படித் தள்ளும் ஸ்பிரிங்கே இல்லை. அதனால் அங்கே பம்ப் பலிக்காது.

தாக்குதல் சோதனையில் தேறியதைக் காட்டும் முத்திரைகளில் பிரிட்டனில் பார்க்க வேண்டியவை இரண்டு: டிஎஸ் 007 மூன்று நட்சத்திரம், எஸ்எஸ்312 டைமண்ட். ஒரு நட்சத்திர சிலிண்டரோடு இரண்டு நட்சத்திரக் கைப்பிடி சேர்த்தாலும் மூன்று கணக்காகும். ஆனால் நாளைக்கு யாராவது அந்தக் கைப்பிடியை மாற்றினால் பாதுகாப்பும் கூடவே போய்விடும். ஐரோப்பிய இஎன் 1303 தரக் குறியீட்டில் எட்டு இடங்கள் இருக்கும். இரண்டாவது இடத்தில் 6 என்றிருந்தால் 1,00,000 சுற்றுச் சோதனை தாங்கியது. தினம் 20 முறை திருப்பினால் 13 வருடத்துக்கு மேல் வரும். ஏழாவது இடம் சாவியின் பாதுகாப்பு, எட்டாவது தாக்குதலைத் தாங்கும் திறன். கடைசி இடத்தில் பூஜ்யம் போட்ட பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

நல்ல சிலிண்டரை வாங்கி, அளவில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். கதவின் விளிம்பில் தெரியும் திருகாணியின் நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கத் தகட்டின் மேற்பரப்பு வரை ஒரு அளவு, உட்பக்கத் தகடு வரை இன்னொன்று. சிலிண்டர்கள் 5 மி.மீ. இடைவெளியில் வரும். வெளியே 3 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது. வெட்டுக்கோடு வெளிப்பக்கம் மட்டுமே இருக்கும் வகைகளில் 35/45 வேறு, 45/35 வேறு (எண்கள் இரு பக்க நீளம், மி.மீ.யில்). எந்த எண் வெளிப்பக்கம் என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

கழற்ற, கதவைத் திறந்து வைத்து எம்5 திருகாணியை முழுவதும் எடுங்கள். சாவியைப் போட்டு, கடிகார முள் 11 அல்லது 1 காட்டும் அளவுக்குத் திருப்பினால் நாக்கு உடலுக்குள் ஒளிந்து சிலிண்டர் வெளியே வரும். புதியதை மாட்டும்போது திருகாணியை லேசாகப் பிடிக்கவிட்டு, சாவி இருபுறமும் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். பலங்கொண்டமட்டும் முறுக்கினால் உடல் இழுபட்டு, முதல் நாளே சாவி கனக்கும்.

சில வருடம் போனதும் வரும் புகார், ‘சாவி இறுகுது’. கதவைத் திறந்து வைத்துத் திருப்பிப் பாருங்கள். அப்போது சுலபமாக ஓடினால் பிழை சிலிண்டரில் இல்லை. கதவு தொய்ந்து, தாழ்கள் நிலைச்சட்டத்தில் உள்ள எதிர்த்தகட்டின் துளைகளில் நேராக விழவில்லை. கீலைச் சரிசெய்யாமல் சாவியை முறுக்கிக்கொண்டே இருந்தால் அது உள்ளேயே ஒடியும். திறந்த கதவிலும் இறுகினால் உள்ளே அழுக்கு. பல்லுக்குப் பதில் பரப்பில் குழிகள் உள்ள குழிச்சாவிகளின் குழியில் சட்டைப்பைப் பஞ்சு சேர்ந்து அப்படியே உள்ளே போகும். பழைய பல்துலக்கியால் சாவியைத் தேய்த்தாலே பாதி சரியாகும். மசகுக்குத் தயாரிப்பாளர் சொல்வதை மட்டும் போடுங்கள். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். கிராஃபைட் தூள் போட்ட பூட்டில் எண்ணெய் விட்டால் இரண்டும் குழைந்து பசையாகிவிடும்.

இனி சாவி. உயர்பாதுகாப்பின் பாதி இதில்தான் இருக்கிறது, வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. வெட்டாத சாவியின் வடிவத்துக்குக் காப்புரிமை இருக்கும்வரை தெருமுனைக் கடையில் நகல் கிடைக்காது. சிலிண்டரோடு வரும் குறியெண் அட்டையைக் காட்டினால் அங்கீகாரம் பெற்றவர் வெட்டித் தருவார். காப்புரிமை பொதுவாக 20 வருடம், அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் இரண்டு வருடம்தான் இருக்கக்கூடும். அது முடிந்தபின் அட்டைக்கு மதிப்பு குறையும், எவரும் வெட்டாத சாவி தயாரித்து விற்கலாம். முடியும் ஆண்டைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டையும் முழுக் காவல் இல்லை. 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 195 அடி தொலைவிலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாதாரண வீட்டுச் சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2013-ல் எம்ஐடி மாணவர்கள் ஷ்லேக் நிறுவனத்தின் உயர்பாதுகாப்பு பிரைமஸ் சாவியை முப்பரிமாண அச்சில் எடுக்க முடியும் என்று நிரூபித்தார்கள். சாவியிலேயே அசையும் ஒரு சிறு பாகம் இருந்தால் இப்படி அச்சடிப்பது மிகவும் கடினம். ஆப்லோய் புரோடெக்2, முல்-டி-லாக் எம்டி5+ இரண்டிலும் அது உண்டு. விலை கூடுதல்தான், ஆனாலும் கொடுக்கலாம்.

வாங்கும்போதே ஐந்தாறு சாவி சேர்த்து ஆர்டர் செய்யுங்கள், பின்னால் ஒற்றைச் சாவிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் ஒரே சாவி வேண்டுமென்றால் இரண்டு சிலிண்டரையும் ஒரே ஆர்டரில் கேளுங்கள். பெட்டி வந்ததும் அட்டையின் உறை கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். கிழிந்திருந்தால் குறியெண்ணை வேறொருவர் ஏற்கனவே பார்த்திருக்கலாம், திருப்பி அனுப்பிவிடுங்கள். அட்டையைச் சாவிக்கொத்தோடு மாட்டாதீர்கள், செல்போனில் படமும் எடுத்து வைக்காதீர்கள். வாடகைக்கு விட்ட வீடென்றால் அட்டை உரிமையாளர் கையில் இருக்கட்டும், குடியிருப்பவர் காலி செய்யும்போது சாவிகளை எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் சிலிண்டரை மாற்றுங்கள்.