தென்காசியா, தேனியா? மலையடி ஊர்களில் எந்த மாதம் எங்கே படமெடுக்கலாம்

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் ஒரு சிறு நகரத்தில் தங்கி, இரண்டு மூன்று நாள் ஆற அமரப் படமெடுக்க வேண்டும் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை தென்காசியும் தேனியும். இரண்டு ஊரிலும் நெல்வயல் உண்டு, தென்னந்தோப்பு உண்டு, அருவி உண்டு, பின்னால் மலையும் உண்டு. படங்களைக் கலந்து வைத்தால் எது எந்த ஊர் என்று சொல்வதே சில நேரம் கஷ்டம். ஆனால் நேரில் போய் நின்றால் வெளிச்சம் விழும் விதமே வேறு, மழை வரும் மாதமும் வேறு. அதைப் பார்க்காமல் கிளம்பினால் நல்ல இடத்தில் தவறான நேரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

தென்காசிக்கு மலை மேற்கே மட்டும்தான். கிழக்கே சுரண்டை வரைக்கும் பெரும்பாலும் சமவெளி. அதனால் காலை வெயில் தடையில்லாமல் வந்து நேராக மலைமேல் விழுகிறது. விடிந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வரை மலையின் மடிப்பு, முகட்டில் கிடக்கும் மேகம், முன்னால் வயல் எல்லாமே ஒரே வெளிச்சத்தில் கிடைக்கும். மாலையில் நிலைமை தலைகீழ். சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். வயலில் நிழல் விழுந்த பிறகும் வானம் கண்ணைக் கூசும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது சிரமம். தென்காசியில் சாயங்காலத்தை அருவிக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. நிழலில் ட்ரைபாடில் வைத்து ஷட்டரைக் கால் விநாடி, அரை விநாடி திறந்து வைத்து எடுத்தால் தண்ணீர் வெளிறிப்போகாமல் இழையிழையாக வரும்.

தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்குக்கு இரு புறமும் மலை. மேற்கே போடிமெட்டு, கம்பம்மெட்டு. எதிரே மேகமலையும் வருசநாட்டு மலையும். சின்னமனூர் பக்கம் வயலில் நின்றால் காலையில் சூரியன் மேகமலை முகட்டைத் தாண்டி வரவே நேரமாகும். அந்த எதிர்வெளிச்சத்தில் பனிமூட்டம் அடுக்கடுக்காகத் தெரியும். சாயங்காலம் அதே மேகமலைச் சரிவில் மஞ்சள் வெயில் நேராக அடிக்கும். ஒரே வரப்பில் நின்று இரண்டு வேளையும் எடுக்கலாம். வெளிச்சத்தை மட்டும் வைத்துச் சொன்னால் தேனிதான் மேல்.

ஆனால் பருவத்தைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டுகிறது. செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருப்பதால் காற்றும் மேகமும் அந்த வழியாக இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன. தென்காசிக்குச் சாரல் கிடைப்பது இப்படித்தான். குற்றாலத்தில் நனைந்துகொண்டிருக்கும் அதே நேரம், சில கிலோமீட்டர் கிழக்கே வெயில் அடிக்கும். படமெடுப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது: பின்னால் கருமேகம் மூடிய மலை, முன்னால் வெயில் விழுந்த வயல்.

அந்த வயல் சூரியகாந்தியாக இருந்தால் இன்னும் அழகு. சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை பக்கம் ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இளம் மொட்டுதான் சூரியனோடு திரும்பும். நன்றாக விரிந்த பூ கிழக்கைப் பார்த்தே நின்றுவிடும். மலை மேற்கே இருப்பதால், நீங்கள் வயலுக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் பூக்கள் எல்லாம் உங்களைப் பார்த்து நிற்கும், பின்னால் மலை நிற்கும், வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். மாலையில் போனால் பூவின் முகம் நிழலில் இருக்கும். வைட் ஆங்கிளில் (அகலமாகக் காட்டும் லென்ஸில்) எடுத்தால் மலை சிறுத்துவிடும். 100 மிமீக்கு மேல் டெலி லென்ஸ் (தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் லென்ஸ்) போட்டுப் பின்னால் தள்ளி நின்றால் மலை எழுந்து பூவுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். காற்று பலமாக அடிக்கும் மாதம் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியை விட மெதுவாக வைக்க வேண்டாம். எல்லா வருடமும் அதே வயலில் பூ இருக்காது. ஊரில் டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வயலுக்குள் இறங்கும் முன் அந்த விவசாயியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் மிதித்துச் சாய்க்கும் ஒவ்வொரு தண்டும் அவர் வீட்டு வருமானம்.

குற்றாலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சீசனில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அதிகம். குளிப்பவர்களைக் கேட்காமல் படமெடுப்பது அநியாயம். அருவியின் மேல்பகுதியை மட்டும் டெலி லென்ஸில் பிடித்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். மழை நாளில் அருவிக்கு அடியில் ட்ரைபாடை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அருவியை விட எனக்குப் பண்பொழி திருமலைக்கோவில் பிடிக்கும். குன்றின் மேலிருந்து தென்னையும் வயலும் குளமும் மலையும் ஒருசேரக் கீழே தெரியும். மேலே போக வண்டிப்பாதையும் இருக்கிறது. நகரத்தையே படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் காசிவிசுவநாதர் கோவில் கோபுரம்: 1990இல் மீண்டும் எழுந்து நின்ற, சுமார் 180 அடி உயரக் கோபுரம். ஊருக்குக் கிழக்கே தள்ளிப் போய் டெலி லென்ஸில் மலையோடு சேர்த்து எடுங்கள்.

இதே மூன்று மாதம் தேனி எப்படி இருக்கும்? காற்று மட்டும் நிறைய, மழை குறைவு. மேகம் மேற்கு முகட்டைத் தாண்டி வழிந்து, கீழே இறங்கும்போதே கரைந்துவிடும். டைம்லாப்ஸ் (நீண்ட நேரக் காட்சியைச் சுருக்கி ஓட்டும் வீடியோ) எடுப்பவர்களுக்கு இது அருமையான காட்சி. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து ஜூனில் தண்ணீர் விட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் நடவு தொடங்கும். பரம்படித்த வயலில் தண்ணீர் நிற்கும்போது மலை அப்படியே அதில் தெரியும், காற்று ஓயும் விடியற்காலையில் மட்டும். மற்றபடி மேடான காடுகள் அப்போது பழுப்புதான்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தேனி எழுந்துகொள்ளும். வருசநாடு, போடி, பெரியகுளம் எல்லாப் பக்கமும் பச்சை ஏறும், கும்பக்கரை அருவியில் தண்ணீர் விழும், கண்மாய்கள் நிறையும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மழை விட்ட நாட்களில் தூசி அடங்கி மலை கத்தரித்து வைத்தாற்போல் தெரியும். மேலே போவதற்கும் தேனிதான் வசதி. போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேகத்துக்கு மேலே நிற்கலாம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் போவது கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். அங்கே மேகக் கடலுக்கு மேல் வரும் சூரிய உதயத்தை ஒருமுறையாவது எடுக்க வேண்டும். குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்தது 2030. மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. இரவில் அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள் என்பதால் விடியல் படம் வேண்டுமென்றால் மேலேயே தங்க வேண்டும். பனிமூட்டத்தில் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டி வையுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் பனி சாம்பல் நிறமாக வரும்.

தென்காசிக்கும் இந்தக் குளிர்கால மழை உண்டு. பிசான நெல் (இந்த மழையை நம்பி நடும் பருவ நெல்) பச்சையாக நிற்கும், குளங்களில் பறவை வரும். மோசமில்லை. ஆனால் சாரல் காலத்தில் கிடைக்கும் மேகநாடகம் அப்போது இருக்காது.

செலவையும் அலைச்சலையும் பார்த்தால் தென்காசி சுலபம். பெரும்பாலான இடங்கள் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள். டவுன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சமாளிக்கலாம். தேனியில் நல்ல இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. 2023இல் போடி வரை மறுபடி ரயில் வந்துவிட்டது என்றாலும் அங்கிருந்து மேலே போகச் சொந்த வண்டியோ வாடகை ஜீப்போ வேண்டும்.

என் தேர்வு இதுதான்: வருடத்துக்கு ஒரு பயணம்தான் முடியும் என்பவர்கள் ஜூலை கடைசியில் தென்காசிக்குப் போங்கள். செல்போனோடு போகிறவருக்கும் அதுவே, ஏனென்றால் அங்கே காலை வெளிச்சமே பாதி வேலையைச் செய்துவிடும். கையில் வண்டியும் குளிரில் நாலு மணிக்கு எழும் மனமும் இருந்தால் டிசம்பரில் தேனி. மார்ச் முதல் மே வரை இரண்டும் வேண்டாம். புல் காய்ந்து வானம் வெளுத்திருக்கும். காட்டுத்தீ அபாயமும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறக்க முடியாது. எந்த மாதமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப்பாதையில் ஏறாதீர்கள்.