பாய்கிறவனா, நிற்கிறவனா: கோல்கீப்பரை எதை வைத்து எடை போடுவது?

திருப்பரங்குன்றம் மலை தெரிகிற ஒரு கட்டாந்தரை மைதானம், ஞாயிற்றுக்கிழமை மாலை மேட்ச். பச்சை பனியன் கீப்பர் பாய்ந்து பாய்ந்து விழுகிறான், முழங்கை எல்லாம் சிராய்ப்பு. எதிர்ப்பக்கம் மஞ்சள் பனியன், சட்டையில் மண்ணே ஒட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பச்சதான் தம்பி கீப்பரு. மஞ்ச சும்மா போஸ்ட்டுக்குக் காவல் நிக்கிறான்" என்றார். எனக்கு ஒத்துக்கொள்ள மனசில்லை. கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தத் தாளிலேயே குறிக்க ஆரம்பித்தேன். கோலை நோக்கி பச்சைக்கு வந்தவை 9, உள்ளே போனவை 3. மஞ்சளுக்கு வந்தவை 3, போனது 1.

கிளீன் ஷீட், அதாவது ஒரு கோலும் விடாமல் முடித்த மேட்ச், அந்தக் கணக்கு இருவருக்குமே உதவாது. எப்போதுமே அதை நான் பெரிதாக நம்புவதில்லை. 2004-05 இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் செல்சி கீப்பர் பீட்டர் செக்குக்கு 24 கிளீன் ஷீட். செல்சி சீசன் முழுக்க விட்டதே 15 கோல். அபாரம்தான், ஆனால் அவருக்கு முன்னால் தடுப்புக்கு நின்றது டெர்ரி, கார்வால்யோ, மக்கெலேலே மாதிரி ஆட்கள். நம்மாள், இந்திய கீப்பர் சுப்ரதா பால், கத்தாரில் நடந்த 2011 ஆசியக் கோப்பையில் தென் கொரியாவிடம் 4 கோல் விட்டார். அந்தத் தொடருக்கு அப்புறம்தான் அவரை ஸ்பைடர்மேன் என்றார்கள், ஏனென்றால் அவர் இல்லாவிட்டால் நாலோடு நின்றிருக்காது. 2019 செப்டம்பரில் அதே கத்தாரில், ஆசிய சாம்பியனான கத்தாரை 0-0 என்று நிறுத்திய இந்திய கீப்பர் குர்பிரீத்துக்கும் கணக்கில் ஒரே ஒரு கிளீன் ஷீட்தான். பந்தே வராமல் நின்றவருக்கும் ஒன்றுதான்.

அடுத்தது சேவ் சதவீதம், அதாவது கோலை நோக்கி வந்ததில் எத்தனை தடுத்தார் என்பது. என் தாளில் இருவருக்கும் மூன்றில் இரண்டு, அதாவது 67. சமம்! ஆனால் பச்சை விட்டதில் ஒன்று பெனால்டி, ஒன்று தனியாக ஓடிவந்தவன் அடித்தது, மூன்றாவது போஸ்ட்டை உரசிப் போனது. மஞ்சள் விட்டதோ 25 மீட்டரிலிருந்து உருண்டு வந்து, காலுக்கு நடுவில் நழுவியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

அதைச் சரிசெய்ய வந்ததுதான் போஸ்ட்-ஷாட் எக்ஸ்பெக்டட் கோல். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதில் பந்து எந்த இடத்துக்குப் போகிறது, எங்கிருந்து அடித்தார்கள் என்று பார்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்பு போடுவார்கள். மேல் மூலைக்குப் போகிற பந்தின் மதிப்பு ஒன்றை (1) நெருங்கும். நேராகக் கைக்கு வருவது ஏறக்குறைய பூஜ்யம். மொத்தம் 5 கோல் பெறும் ஷாட்டுகளில் 3 மட்டும் விட்டால், இரண்டைக் கீப்பர் மிச்சம் பிடித்ததாக அர்த்தம். கண்ணளவில் நானும் போட்டுப் பார்த்தேன். பச்சை லாபம், மஞ்சள் நஷ்டம். பெரியவர் ஜெயித்துவிட்டார் போல!

இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைக்கு வந்த ஒன்பதில் மூன்று, அவனே தட்டி நடுவில் போட்டுக் கொடுத்தவை. பக்கவாட்டில் தள்ளியிருந்தால் அந்த மூன்றும் வந்திருக்காது. இப்போது அதே மூன்றும் அவன் கணக்கில் சேவாக நிற்கின்றன. மஞ்சளுக்கு மூன்றே வந்ததற்குக் காரணம், பக்கவாட்டிலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் கிராஸ் வந்தால் ஸ்ட்ரைக்கருக்கு முன்னால் அவன் வெளியே வந்துவிடுகிறான். அடிக்கவே விடாத பந்துக்கு எந்த சேவ் கணக்கிலும் இடம் கிடையாது. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி கீப்பர் நொயர் பெனால்டி பாக்ஸை விட்டு வெளியே ஓடி ஓடித் தடுத்தது இந்த ரகம்தான்.

டிவியில் வருகிற லீக் என்றால், ஒரு சீசனுக்குக் குறையாத போஸ்ட்-ஷாட் கணக்கைத்தான் எடுப்பேன். நம்மூர் மைதானத்துக்கு இரண்டைக் குறித்தால் போதும்: தட்டிய பந்து எங்கே போய் விழுந்தது, கிராஸை யார் பிடித்தது. என் ஓட்டு மஞ்சளுக்கு, அந்தக் காலிடுக்குக் கோலையும் சேர்த்துத்தான்.

கடைசி நிமிடம் பச்சை அணிக்கு ஒரு கார்னர். மஞ்சள் நாலு பேர் தலைக்கு மேலே எழும்பி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். பெரியவர் அப்போது கடலைக்காரரிடம் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.