பலாத்தோலை உரமாக்க எது தோது: குவியலா, மண்புழுவா, எரிவாயுக் கலனா?

பண்ருட்டிப் பக்கம் சித்திரையில் பலா வரத்து சூடுபிடித்தால் ஆடி வரை ஓயாது. சுளையும் கொட்டையும் போக முள்தோல், சக்கை, நடுத்தண்டு என்று பழத்தில் ஏறக்குறைய பாதி கழிவுதான். சுளை உரிக்கிற, சிப்ஸ் போடுகிற கூடங்களின் பின்பக்கம் இரண்டு நாள் விட்டால் ஈ மொய்த்து நாறும். கடலூர் பான்பரி மார்க்கெட்டில் கழித்துப் போடும் காய்கறியும் இதே ரகம். நூறு கிலோவில் 80 முதல் 90 கிலோ வரை தண்ணீர்.

உரமாக்கலாம் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது மண்புழு உரம். நல்ல உரம், நல்ல விலை, மறுக்கவில்லை. ஆனால் பலா வருவது கத்திரி வெயிலோடு. தொட்டி 35 டிகிரி தாண்டினாலே புழு துவண்டுவிடும். பச்சைக் கழிவை அப்படியே கொட்டினால் அது தானாகவே சூடேறும், அதிலும் புழு தங்காது. அதனால் சாணம் கலந்து 15, 20 நாள் மட்கவிட்டுத்தான் தொட்டியில் போட வேண்டும். அதாவது புழு வழியும் குவியலில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு 45 முதல் 60 நாள் கீற்றுக் கொட்டகை, தண்ணீர் தெளிப்பு, எறும்புக் காவல். வெங்காயத் தோலும் எலுமிச்சைச் சக்கையும் நிறைய விழுந்தால் புழு ஒதுங்கிவிடும். புளிப்பான முந்திரிப் பழமும் அப்படித்தான்.

குவியல் முறைக்கு இந்த நாசூக்கு கிடையாது. சூடுதான் அதன் பலம். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் களை விதையும் நோய்க் கிருமியும் பெரும்பாலும் சாகும். அதற்கு வேண்டியது காய்ந்த சரக்கு. ஈரக் கழிவை மட்டும் குவித்தால் காற்றுப் போகாமல் அழுகிக் கசியும். காய்ந்த சரக்கு தரும் கரிமம், பச்சைக் கழிவு தரும் தழைச்சத்து (நைட்ரஜன்), இவற்றின் விகிதம் 25 முதல் 30க்கு ஒன்று என்று இருக்க வேண்டும். நெல்லிக்குப்பம் வட்டாரத்தில் கரும்பு வெட்டியதும் காய்ந்த தோகையான சோகையை வயலிலேயே கொளுத்துகிறார்களே, அதைக் கட்டி வைத்தால் போதும். வெட்டு முடிகிற சமயம்தான் பலாவும் வர ஆரம்பிக்கும். சவுக்குச் சருகும் ஆகும், ஆனால் மட்க நாளாகும்.

தோலை அரிவாளால் நாலைந்தாகப் போட்டு, சோகையும் சாணக் கரைசலுமாக அடுக்கி, இடுப்பளவு உயர்த்தலாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும். ஒழுகினால் இன்னும் சோகை, பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து உருவினால் கை சுடும். அந்தச் சூடு இறங்கும்போது கிளறிவிடணும். சித்திரையில் போட்டது ஆடிக்குள் மட்கிச் சம்பா உழவுக்கு உதவும். குறை என்றால், கிளற ஆள் வேண்டும், இடமும் நிறைய பிடிக்கும். ஐப்பசி மழையில் மூடாமல் விட்டால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும்.

கழிவை மூடிய தொட்டியில் மட்கவைத்து அடுப்புக்கு வாயு எடுக்கும் எரிவாயுக் கலன் மழை வெயில் பார்க்காது, நாற்றமும் குறைவு. ஒரு கன மீட்டர் வாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் கேஸுக்குச் சமம். கூடவே அடுப்பு எரிகிற சிப்ஸ் கூடமாக இருந்தால் யோசிக்காமல் வைக்கலாம். அடுப்பு இல்லாதவருக்கு இது வீண் செலவு. இனிப்புள்ள கழிவை ஒரேயடியாகத் திணித்தால் கலன் புளித்து வாயு நின்றுபோகும், சாணத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். வாயு போகக் கலனிலிருந்து வெளியே வரும் கழிவுக் கரைசல் அருமையான உரம், ஆனால் தண்ணீர்ச் சரக்கு. பக்கத்து வயலுக்குச் சரி, பத்துக் கிலோமீட்டர் டிராக்டரில் ஏற்றினால் வாடகைக்குக் கட்டாது.

விற்பதுதான் நோக்கம் என்றால் புழுவுக்கு ஒரு புள்ளி கூட. ஆனால் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்தில் கேட்கும் தழைச்சத்து குறைந்தது 1 சதவீதம், குவியல் உரத்துக்கு நெருக்கமான நகரக் குப்பை மட்கில் 0.8. இந்த வித்தியாசத்துக்காகச் சொந்த வயலுக்குப் புழு வளர்ப்பதை நான் சொல்ல மாட்டேன். என் ஓட்டு சோகைக் குவியலுக்கு. ஆள் வசதி இருந்தால் அதில் ஒரு பங்கை, வெயில் தணிந்த பிறகு புழுத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றிலும் சேர்க்கக் கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று முந்திரி ஓடு, அதிலுள்ள எண்ணெய் கையையே பொத்துப்போக வைக்கும். இன்னொன்று ஊறுகாய்க் கூடத்து உப்புக் கழிவு. கடலோரக் கிணறுகளில் ஏற்கெனவே இருக்கிற உப்பே போதும்.