30 பை-இன் விதி: எங்கே தாங்குகிறது, எங்கே உடைகிறது

போக்கர் சீட்டாட்டத்தில் "30 பை-இன் சேர்ந்தால் மேல் மேசைக்கு ஏறலாம்" என்று ஒரு விதி உண்டு. பை-இன் என்பது ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை; மேல் மேசை என்றால் பந்தயம் பெரிதான மேசை. இந்த விதியை நீண்ட நாள் கடைப்பிடித்துப் பார்த்ததில் தெரிவது இதுதான்: ஏறும் எண் எல்லோருக்கும் மனப்பாடம், இறங்கும் எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. பணம் கரைவது அங்கேதான்.

முதலில், எது பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய பணம்? 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்ததோடு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் போக்கருக்குத் தடை வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்டக்காரர்கள் சட்டப்படி உட்கார வேண்டுமென்றால் ஷொர்ணூர், மங்களூர் வழியாக மட்காவ் போய் இறங்கி, கோவா கேசினோ மேசைக்குப் போக வேண்டும். ரயில், அறை, நுழைவுக் கட்டணம், டீலருக்கு டிப்ஸ் என்று ஒரு பயணத்துக்கு 15,000 ரூபாய் ஆனால், 50/100 மேசையில் அது ஒன்றரை பை-இன். (ஒவ்வொரு கையிலும், அதாவது ஒவ்வொரு சுற்று ஆட்டத்திலும், இரண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் பணம்தான் பிளைண்ட்; இங்கே சின்னது 50, பெரியது, அதாவது பிக் பிளைண்ட், 100 ரூபாய். பை-இன் 100 பிக் பிளைண்ட், அதாவது 10,000.) இந்தச் செலவுக்குத் தனிக் கவர் வைக்காதவர்களின் நோட்டில் லாபம் காட்டும், கையில் இருக்காது.

முதலமடை மாந்தோப்பு ஆட்களுக்கு இன்னொரு சிக்கல். மார்ச்சில் கை நிறைய ரொக்கம் இருக்கும், ஆனால் அது அடுத்த குத்தகைக்கும் மருந்தடிப்புக்கும் போக வேண்டிய பணம். அதையும், ஏலச்சீட்டில் எடுத்த பணத்தையும், நகைக் கடனையும் பேங்க்ரோலில் சேர்க்கவே கூடாது.

இனி 30 என்ற எண். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகையான நோ லிமிட் ஹோல்டெமில் 100 கைக்கு ஏற்ற இறக்கம், அதாவது திட்டவிலக்கம், 90 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம். 100 கைக்கு சராசரியாக 5 பிக் பிளைண்ட் ஜெயிப்பவர் 30 பை-இன், அதாவது 3,000 பிக் பிளைண்ட் வைத்திருந்தால், முழுதும் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 2.5 சதவீதம். அவரே 20 பை-இன்னோடு உட்கார்ந்தால் 8.5. ஜெயிக்கும் வேகம் இரண்டரையாகக் குறைந்தால், அதே 30 பை-இன்னுக்கு 16 சதவீதம்! மேல் மேசையில் எதிராளிகள் தேர்ந்தவர்கள், வேகம் குறையத்தான் செய்யும். அதனால் கீழ் மேசைக்குப் போதுமான 30, மேலே போதாது. 50 இருந்தால்தான் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே வரும்.

அந்த வேகத்தைத் தெரிந்துகொள்வதும் எளிதல்ல. நேரடி மேசையில் மணிக்கு 25, 30 கைதான் ஓடும். 100 மணி நேரம் ஆடினாலும் 3,000 கைக்குள். அதை வைத்து "நான் ஜெயிக்கிறவன்" என்று முடிவு கட்ட முடியாது.

50 சேரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? வேண்டாம், அளந்து ஏறலாம். நாங்கள் பரிந்துரைப்பது இந்த முறை: கையில் 5 லட்சம், பழக்கம் 50/100. மேலே 100/200-இல் ஒரு பை-இன் 20,000. மூன்று பை-இன், 60,000 மட்டும் ஒதுக்கி ஏற வேண்டும். அது போனால் அன்றைக்கே கீழே. மிச்சம் 4,40,000, கீழ் மேசைக்கு 44 பை-இன். ஒன்றும் முறியவில்லை. மூன்று போன பிறகு "இன்னும் ஒன்றே ஒன்று" என்று நாலாவது எடுப்பவர்களிடம்தான் இந்த முறை தோற்கிறது. அதனால் ஒதுக்கிய ரொக்கத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கேசினோவுக்குள் கொண்டுபோகாதீர்கள், வங்கி கார்டையும் அறையிலேயே வையுங்கள்.

ஸ்ட்ராடிலை, அதாவது சீட்டுப் போடும் முன்பே ஒருவர் தானாக வைக்கும் இரண்டு மடங்கு பிளைண்டை, கவனிக்காமல் ஏமாறுபவர்கள் நிறைய. 50/100 மேசையில் ஒவ்வொரு கையிலும் யாராவது 200 ஸ்ட்ராடில் போட்டால் நீங்கள் ஆடுவது 100/200 ஆட்டம். 10,000 என்பது 50 பிளைண்ட் ஆகிவிடும், 30 பை-இன் 15 ஆகிவிடும். நோட்டில் பெயர்ப்பலகையை எழுதாமல், உண்மையில் ஓடிய பிளைண்டை எழுத வேண்டும். தேதி, மணி நேரம், லாப நஷ்டம் (பிளைண்டில்), செலவு தனியாக: இவ்வளவு போதும்.

டோர்னமென்ட் ஆடுபவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. 100 பை-இன்னுக்குக் குறைந்து தொடவே வேண்டாம்.

வரியையும் பேங்க்ரோல் கணக்கில் எடுக்க வேண்டும். சீட்டாட்ட வருமானத்துக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2; நஷ்டத்தை அதில் கழிக்க விட மாட்டார்கள். ஜெயித்த நாளன்றே அந்தப் பங்கை வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியை மட்டும் பை-இன்னாக எண்ணுங்கள்.